குறைமாதச் சிசுவும் தாய் தங்கும் இடமும்

சிசு கர்ப்பத்தில் 40 வாரம் வளர்வது இயல்பு. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதப் பிரசவம் என்பர். 2020ஆம் ஆண்டில் உலகில் இவ்விதம் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். அவற்றுள் ஏறக்குறைய 30 லட்சம் நம் இந்திய தேசத்தில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் அவ்வாண்டில் இத்தனை குழந்தைகள் இவ்வாறு பிறக்கவில்லை. இச்சிசுக்களைப் பற்றியும், அவற்றைப் பெற்ற தாய் இரவில் எங்கே படுத்துறங்குகிறாள் என்பதைப் பற்றியும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நூற்பாலையில் வேலை செய்தோர் அறிவர். காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஆகவே கூடத்தில் ஈரத்தையும் சூட்டையும் அளந்து வைப்பார்கள். குறைமாதச் சிசுவைக் கிடத்தும் கண்ணாடிப் பெட்டியை முதன்முறை கண்டபோது நமக்கு அக்கூடமே நினைவில் வந்தது. அச்சிசுவின் தோல் மிக மெல்லியது. சூடும் நீரும் அதன் வழியே வெளியேறிவிடும். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் போதிய அளவு ஊறியிராது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்யும் திறன் ஏறக்குறைய 34ஆம் வாரத்தில்தான் அமைகின்றது. அதுவரை மெல்லிய குழாய் வழியே பால் செலுத்த வேண்டும். எனவே 30ஆம் வாரத்தில் பிறந்த சிசு பல வாரங்கள் மருத்துவமனையில் இருக்க நேரிடும்.

செலுத்தும் பால் தாய்ப்பாலாக இருத்தல் மிக நன்று. குறைமாதச் சிசுக்களின் குடலைச் சிதைக்கும் கொடிய நோய் ஒன்றுண்டு. தாய்ப்பால் அதன் அபாயத்தைக் குறைக்கின்றது. ஆனால் சிசு வாய்வைத்து உறிஞ்சாதபோது, தாய் இரவும் பகலுமாக நாளொன்றுக்கு எட்டு முறையேனும் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். தவறினால் பால் வற்றும். தாயையோ சில நாட்களில் வீட்டிற்கு அனுப்பிவிடுகிறார்கள். சிசு உள்ளே, தாய் வெளியே. தொல்லை இங்கேதான் பிறக்கின்றது.

இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது மகள் 30ஆம் வாரத்தில் ஒரு பெண் மகவைப் பெற்றாள். எடை 1,200 கிராம். ஐந்தாம் நாள் மகளுக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டிற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆகவே அவளும் அவள் தாயாரும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலே பாய் விரித்தார்கள். விடியற்காலை நாலு மணிக்குத் தரை கழுவ வேண்டுமென்று காவலாளி எழுப்பிவிடுவார். ஒன்பதாம் நாள் பால் சில துளிகளாகக் குறைந்தது. “பால் எங்கேம்மா?” என்று நர்ஸ் அதட்டினாரேயன்றி, “இராத்திரி எங்கேம்மா படுத்தாய்?” என்று எவரும் கேட்டாரில்லை. நாமும் கேட்கவில்லை; இரவு ஷிப்டு முடிந்து வந்து, மகளைக் கண்டு, “தைரியமாயிரு” என்று சொல்லிப் போய்க்கொண்டிருந்தோம். இதை எழுத நமக்கு இன்னும் வெட்கமாயிருக்கிறது.

வாயிலருகே இட்லிக்கடை நடத்திய கைம்பெண் ஒருவர்தாம் கேட்டவர். கடையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். இருவேளை உணவும், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க இடமும் கிடைத்தபின், ஐந்தாறு நாளில் பால் மீண்டும் ஊறிற்று. பேத்தி இன்று மூன்றாம் வகுப்பு வாசிக்கிறாள். அடுத்த பெட்டியிலிருந்த சிசுவின் தாய் வெகுதூரத்துக் கிராமத்தவள். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போனாள். அவள் திரும்புமுன் சிசு இறந்தது. அவள் இல்லாமையே காரணம் என்று சொல்ல நாம் துணியோம்.

இவ்வித இடர்ப்பாட்டிலிருந்தே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1974ஆம் ஆண்டு ஓர் இல்லம் எழுந்தது. பிரெட் ஹில் என்னும் பந்தாட்ட வீரரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். மகளுக்கு வைத்தியம் நடக்கையில், தாமும் மனைவியும் பெற்றோர் பலரும் மருத்துவமனை நாற்காலிகளிலே இரவைக் கழிப்பதை அவர் கண்டார். அவருடைய குழுவினர் நிதி திரட்டினர். ஆட்ரி எவன்ஸ் என்னும் பெண் மருத்துவர், பெற்றோர் தங்க வீடு வேண்டுமென்று எடுத்துரைத்தார். மெக்டொனால்டு உணவுக் கம்பெனியார் ஒருவகைப் பானம் விற்ற பணத்தை அளித்து, தம் விளம்பரப் பாத்திரத்தின் பெயரை இல்லத்திற்கு இட்டனர். வாணிகருக்கு விளம்பரம் கிடைத்ததை மறைக்க வேண்டுவதில்லை. பெற்றோருக்குக் கட்டிலும் கிடைத்தது. இன்று பல நாடுகளில் அத்தகைய இல்லங்கள் உள. குறைமாதச் சிசுக்களின் பெற்றோரும் அவற்றில் தங்குகின்றனர். நமக்கும் இது புதிதன்று. மணிமேகலை அமுதசுரபி ஏந்திச் சென்ற உலக அறவி, போக்கிடமற்றோர் தங்கிய பொதுவிடமே.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தாய்க்கு ஏற்ற முதலிடம் விடுதியன்று, சிசுவின் பக்கமே. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவர், பெட்டிகள் போதாமையால், சிசுவைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் என்னாகும் என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 3,211 சிசுக்களை வைத்து ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். நம் நாட்டில் இது தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. பழைய முறையில் முதல் 28 நாளில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 சிசுக்கள் இறந்தன. புதிய முறையில் 12. இதற்காகத் தாயின் கட்டிலைச் சிசுப் பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். அவ்வாறு செய்யும்படி மருத்துவமனைகளைக் கேட்பது நமது உரிமை. அது நடவாத இடங்களில் தாய்க்கும், எங்கும் தந்தைக்கும் பாட்டிக்கும், அருகில் ஓரறை வேண்டும்.

அவ்வறையை அமைக்க எண்ணும் சங்கத்தார் கவனிக்க வேண்டியவை சில. பச்சை உடம்புக்காரி நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும். ஆண்கள் நுழையாத, பால் எடுக்கத்தக்க மூலை வேண்டும். கைகழுவத் தண்ணீரும் சோப்பும், பாத்திரத்தைக் கொதிக்கவைக்க அடுப்பும் வேண்டும். சளியோ காய்ச்சலோ உள்ளவரை வேறிடத்தில் படுக்கவைக்க வேண்டும். இரவில் பாலைக் கொண்டுபோகும் பெண்ணுக்குத் துணை செல்ல ஓர் ஆள் அவசியம். எந்தச் சாதி, எந்த மதம் என்று பதிவேட்டில் கேட்கலாகாது. பணம் கேட்பதும் வேண்டா. கொடுத்தால் உண்டியலில் போடட்டும். சிசுவை இழந்த குடும்பத்தாரிடம் அன்றிரவே சாவியைத் திரும்பக் கேளாதீர். அவர்களுக்கு ஊர் போய்ச் சேரும் பஸ் கிடைக்கும்வரை அறை அவர்களுடையதே.