லெப்பையா, லெவ்வையா? நூற்பட்டியலும் நூலகரின் தயக்கமும்

1838இல் கண்டியில் பிறந்து, சட்டத்தரணியாகப் பணியாற்றி, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவரை நமக்குத் தெரியும். 1885இல் அவர் எழுதி வெளியிட்ட கதையே இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகின்றது. ஆனால், ஒரு நூலகத்தின் பட்டியலில் அவரை எந்தப் பெயரில் தேடுவது? சித்தி லெப்பை, சித்திலெவ்வை, எம். சி. சித்திலெப்பை, முகம்மது காசிம் சித்தி லெப்பை என்று இடத்துக்கிடம் மாறுகின்றது. நாவலும் ‘அசன்பேயுடைய கதை’ என்றும் ‘அசன்பே சரித்திரம்’ என்றும் வழங்குகின்றது. வாசகர் ஊகித்துக்கொள்வார். கணினிக்கு ஊகிக்கத் தெரியாது. எழுத்து மாறினால் அதற்கு ஆளும் மாறிவிடுவார்.

நமது பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். முஹம்மத், முகம்மது, மொஹமட் எல்லாம் ஒன்றே. எங்கள் வகுப்பு இடாப்பில் பாத்திமாவை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.

பழைய நூலகர்கள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். அட்டைப் பட்டியலில் ‘சித்திலெவ்வை: சித்தி லெப்பை என்பதன் கீழ் பார்க்க’ என்பதுபோல ஓர் அட்டையைச் செருகிவைப்பார்கள். இணைப்புத் தரவு என்பது அந்த அட்டையின் வளர்ச்சி என்றே நான் விளங்கிக்கொண்டேன். ஓர் ஆளுக்கோ நூலுக்கோ ஊருக்கோ இணையத்தில் நிலையான ஒரு முகவரி கொடுக்கப்படும். ‘இந்த நூலை எழுதியவர் இவர்’, ‘இவர் பிறந்தது இந்த ஊர்’ என்று அம்முகவரிகள் ஒன்றோடொன்று தொடுக்கப்படும். பெயரை எப்படி எழுதினாலும் முகவரி ஒன்றே. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ 2006இல் இதற்கான விதிகளை எழுதினார்.

இப்போது பெரும்பாலான நூலகக் கணினிகளில் உள்ள தரவு ‘மார்க்’ என்ற வடிவத்தில் இருக்கின்றது. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம் என்ற பெண்மணியின் தலைமையில் உருவானது அது. குறை சொல்ல முடியாத வேலை. ஆனால், நூலக மென்பொருளுக்கு வெளியே அதைப் படிப்பவர் இல்லை. நமது சப்ரகமுவையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. முன்பு இரத்தினபுரிக்கு ஓடிய களனிவெளிப் புகையிரதப் பாதை ஒடுங்கியது. ரம்புக்கனையூடாகக் கண்டிக்கு ஏறும் பாதை அகலமானது. அந்தப் பெட்டியில் எவ்வளவு நல்ல சரக்கு இருந்தாலும் பெட்டி இங்கு வர முடியாது. இறக்கி, மாற்றி ஏற்றத்தான் வேண்டும். களனிவெளிப் பாதையில் எஞ்சியதை அகலமாக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்க்குக்குப் பதிலாக ‘பிப்ஃப்ரேம்’ என்ற இணைப்புத் தரவு வடிவத்தை உருவாக்கும் முயற்சியைக் காங்கிரஸ் நூலகம் 2011இல் தொடங்கியது. சுவீடன் தேசிய நூலகம் 2018இல் தன் கூட்டுப் பட்டியலையே இணைப்புத் தரவுக்கு மாற்றியது. அப்படியிருந்தும் பெரும்பாலான நூலகர்கள் தயங்குகிறார்கள். இதைப் பழைமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலை நிறுத்தி மாற்றினால் நாளை புத்தகம் கேட்டு வருபவருக்கு என்ன பதில் சொல்வது? மென்பொருளுக்குப் பணம் தருவது யார்? பயிற்சி எங்கே? வெளியார் எழுதிய தரவை நம்பலாமா? இவை பொறுப்புள்ளவர்களின் கேள்விகள். ‘இது கணினிக்காரர் வேலை, எங்கள் வேலையல்ல’ என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. லெப்பையும் லெவ்வையும் ஒருவரே என்று தீர்மானிக்க நிரலாளருக்குத் தெரியாது, நூலகருக்குத்தான் தெரியும்.

அந்த அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. நூலகரான என். செல்வராஜா ‘நூல் தேட்டம்’ என்ற பெயரில், தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் வீதம் இலங்கைத் தமிழ் நூல்களைப் பதிந்து வருகிறார். முதல் தொகுதி 2002இல் வந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண்ணும், எழுத்தாளர்களுக்குத் தனிப் பக்கங்களும் உள்ளன. இது முழுமையான இணைப்புத் தரவு அல்ல, ஆனால் பாதி வழி வந்தாயிற்று.

எங்கள் நூலகப் பொறுப்பாசிரியையிடம் இதையெல்லாம் ஆர்வத்தோடு சொன்னேன். “மகள், இன்னும் நூறு புத்தகம் பதிவேட்டில் ஏறாமல் கிடக்குது. நீங்க இணையத்தில முகவரி கேக்கிறீங்க” என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வாரம் இடைவேளைகளில் நானும் இரு தோழியரும் பதிவேடு எழுத உதவினோம். சித்தி லெப்பையைப் பற்றிய ஒரு நூல் வந்தபோது டீச்சரே பேனாவை நிறுத்தி, “லெப்பையா, லெவ்வையா? எதை எழுத?” என்று கேட்டார். இரண்டையும் எழுதினோம். குறிப்பு எழுதும் நிரலில், விக்கித்தரவில் அவருக்குள்ள எண்ணையும் பென்சிலால் குறித்தேன். பேனாவால் எழுத டீச்சர் இன்னும் சம்மதிக்கவில்லை.