மும்பை லாபி என்று சொல்வதற்கு முன்

சேலையூர்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பாட்டின்போது நீ பேசியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் சொல்லும் விஷயமில்லை இது. "நம்ம ஆளுங்களை எப்பவும் ஓரங்கட்டுறாங்க, எல்லாம் மும்பை லாபி, இனிமே இந்தியா ஆடுற மேட்சே பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாதி இலையில் எழுந்து போனாய். ஒரு விளையாட்டுக்காகச் சாப்பாட்டை விட்டு எழுகிற பெண்ணிடம் கிரிக்கெட் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. பொறுமையாகப் படி.

உன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அது உன் வயதைவிடப் பழையது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, 1934 நவம்பர் 4-ஆம் தேதி, மெட்ராஸுக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். அவருக்கு அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும்தான் பின்னாளில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அதே ஆட்டத்தில் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலன் ஹாக்கியிலும் பெரிய ஆட்டக்காரர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணி பெர்லினிலிருந்து தங்கத்தோடு வந்தது. வி.வி. குமார் 1961-இல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டில் இறங்கி ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். முதல்தர கிரிக்கெட்டில் மொத்தம் 599 விக்கெட். ஆடிய டெஸ்ட் இரண்டே இரண்டு. இதையெல்லாம் நினைத்தால் எனக்கும் வயிறு எரியும்.

ஆனால் கயலு, இதே கணக்கின் மறுபக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். 1972-73 ரஞ்சி இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. சுழலுக்கு ஏற்ற ஆடுகளம். நம் பக்கம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும். எதிரே பம்பாய். அவர்களுடைய இடக்கை சுழல் பந்துவீச்சாளர் பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து நம்மைச் சுருட்டிவிட்டார். அவர் இந்தியாவுக்கு எத்தனை டெஸ்ட் ஆடினார் தெரியுமா? ஒன்றுகூட இல்லை. 589 முதல்தர விக்கெட் எடுத்தவர், பிஷன் சிங் பேடி இருந்த காலத்தில் இடக்கை சுழல்காரராகப் பிறந்துவிட்டார். 2025 மார்ச்சில் அவர் காலமான செய்தியைப் பேப்பரில் படித்தபோது நம் வி.வி. குமாரைத்தான் நினைத்துக்கொண்டேன். லாபி என்று ஒன்று இருந்திருந்தால் அந்த மனிதருக்கு ஒரு டெஸ்ட் வாங்கிக் கொடுத்திருக்காதா?

அடுத்து பத்ரிநாத். முதல்தரத்தில் 10,000 ரன்னுக்கு மேல், சராசரி 54. டெஸ்ட் இரண்டுதான், 2010-இல். அப்போது தேர்வுக்குழுத் தலைவர் யார் என்று உன் அண்ணனைக் கேள். நம் ஸ்ரீகாந்த். டிராவிட், சச்சின், லட்சுமணன் நின்ற வரிசையில் இடம் காலியாக இல்லை, அவ்வளவுதான். மும்பையின் அமோல் முஜும்தார் முதல்தரத்தில் 11,000 ரன்னுக்கு மேல் அடித்துவிட்டு ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் ஓய்வு பெற்றதும் அதே வரிசையால்தான். அந்த முஜும்தார்தான் 2025 நவம்பரில் உலகக் கோப்பையை வென்ற நம் பெண்கள் அணியின் பயிற்சியாளர். நீ அன்று ராத்திரி தெருவில் பட்டாசு வெடித்தாயே, அதில் அவருக்கும் பங்கு உண்டு.

அநியாயம் நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. நடந்தால் அதைக் கிரிக்கெட்டின் பாஷையில் சொல் என்கிறேன். 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். டெஸ்ட் பந்துவீச்சாளர்களின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை வெளியே உட்கார வைத்தார்கள். நீயும் உன் தோழிகளும் அன்று பேசியது முழுக்க மாநிலம், சாதி, லாபி. நான் பேசியிருந்தால் இப்படிப் பேசியிருப்பேன்: ஆஸ்திரேலியாவின் முதல் ஏழு பேரில் நாலு பேர் இடக்கை மட்டையாளர்கள். வார்னர், கவாஜா, ஹெட், கேரி. இடக்கைக்காரர்களை அஸ்வின் அளவுக்குத் தொல்லைப்படுத்தியவர் யாரும் இல்லை. மேகமூட்டத்தையும் பச்சைப் புல்லையும் பார்த்து முதல் நாளுக்காக அணியை எடுத்தார்கள், ஐந்தாம் நாளுக்காக எடுக்கவில்லை. கடைசி இன்னிங்ஸில் நாதன் லயன் நாலு விக்கெட் எடுத்தார், நாம் 209 ரன்னில் தோற்றோம். இந்த வாதத்துக்கு எந்த மும்பைக்காரராலும் பதில் சொல்ல முடியாது. லாபி என்று ஒரு சொல்லை எறிந்தால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இன்னொன்றும் தெரிந்துகொள். பயணத்தில் பதினோரு பேரை முடிவு செய்வது கேப்டனும் பயிற்சியாளரும். அன்று தேர்வுக்குழுவில் தமிழ்நாட்டின் சரத்தும் இருந்தார். யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று தெரியாமல் யாரைத் திட்டுவது?

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஜனவரி, பிரிஸ்பேன். நெட் பவுலர்களாக அணியோடு தங்கியிருந்த நம் வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும், மற்றவர்கள் காயத்தில் விழுந்ததால் ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். ஆஸ்திரேலியா 369. நாம் 186-க்கு 6 விக்கெட் இழந்து நின்றோம். வாஷிங்டன் 62 அடித்தார். அவரோடு நின்று 123 ரன் சேர்த்தவர் மும்பையின் ஷர்துல் தாக்கூர். திருவல்லிக்கேணிப் பையனும் பால்கர்க்காரரும் அன்று அப்படி நிற்கவில்லையென்றால் அந்தத் தொடரே கையைவிட்டுப் போயிருக்கும். அதேபோல 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 144-க்கு 6 விழுந்தபிறகு அஸ்வின் 113 அடித்தாரே, மறுமுனையில் நின்று 199 ரன் சேர்த்தது ஜடேஜா. ஓவலில் அஸ்வினை உட்கார வைத்துவிட்டு ஆடவைத்தார்களே, அதே ஜடேஜா. ஆடுகிறவர்களுக்கு இடையில் இல்லாத பகையைப் பார்க்கிறவர்கள் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது உன்மேல் எனக்கு இருக்கிற குறை. நீ யாருக்காகக் கத்துகிறாய் என்று கவனித்தேன். எல்லாரும் ஐ.பி.எல்.லில் பார்த்த முகங்கள். 2023-24 ரஞ்சியில் நாட்டிலேயே அதிகமாக 53 விக்கெட் எடுத்தவர் நம் அப்போதைய கேப்டன் சாய் கிஷோர். அந்த வருஷம் அரையிறுதிவரை போனோம். மும்பையில் இன்னிங்ஸ் தோல்வி. ஒன்பதாவதாக இறங்கிய ஒருவர் 109 அடித்து நம் கழுத்தைத் திருகினார். அவரும் அந்த ஷர்துல்தான். இதில் ஒரு நாளையாவது பார்த்தாயா? நாம் ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55-லும் 1987-88-லும் மட்டும். அந்த இரண்டாவது கோப்பையைத் தூக்கிய கேப்டன் வாசுதேவன் இந்தியாவுக்கு ஆடியதே இல்லை. உன் தலைமுறையில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும், திருஷ் காமினி. பெண்கள் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியர், 2013-இல். மறுவருஷம் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக டெஸ்டில் 192. சென்னைப் பெண். உன் தமிழ்நாட்டு அணிப் பட்டியலில் அவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

கிரிக்கெட் உன் பக்கத்திலேயே நடக்கிறது, கயலு. நீ தினமும் ஏறுகிற செங்கல்பட்டு ரயிலில் பொத்தேரியில் இறங்கும் கூட்டத்தில் ஒருவராகத்தான் வருண் சக்கரவர்த்தி இருந்திருப்பார், எஸ்.ஆர்.எம்.மில் கட்டடக்கலை படித்தவர். பள்ளியில் விக்கெட் கீப்பர், அப்புறம் கிரிக்கெட்டையே விட்டுவிட்டு வரைபடம் போட்டார், திரும்பி வந்து வேகப்பந்து வீசினார், முழங்கால் அடிபட்டதும் சுழலுக்கு மாறினார். சென்னை லீக்கின் நாலாம் டிவிஷனில் தொடங்கியவர் 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்தின் 5 விக்கெட்டை 42 ரன்னுக்கு எடுத்தார். நடுவில் 2021 உலகக் கோப்பைக்குப் பிறகு மூன்று வருஷம் அணியில் இல்லை. அவர் ஆடிய அந்த லீக்குக்கு வேளச்சேரி குருநானக் கல்லூரியிலும் களவாக்கம் எஸ்.எஸ்.என். மைதானத்திலும் ஆட்டங்கள் நடக்கின்றன. வேலியோரம் நின்று பார்க்க யாரும் தடுப்பதில்லை. அங்கே நாலு மணி நேரம் நின்று பார், யார் நல்ல ஆட்டக்காரர் என்று பிறர் சொல்லாமல் உனக்கே தெரியும். அதற்குப் பிறகு நீ சொல்லும் கருத்துக்கு எடை வேறு.

இன்னும் ஒன்று மட்டும். போன சீசனில் நீ மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சேப்பாக்கம் போய்வந்து, தோனி இறங்கட்டும் என்பதற்காக நம் மட்டையாளர் அவுட்டானதும் எல்லாரும் கைதட்டியதைப் பெருமையாகச் சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. தோனிமேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் தன் அணிக்காரன் தலையைத் தொங்கப்போட்டு நடந்து வரும்போது ஊரே குதித்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? மேலே இறங்கினால் நான் எப்போது அவுட்டாவேன் என்று காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே ஒருமுறை சொன்னார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நாம் அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று நான் உட்கார்ந்திருந்தேன். டில்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பாகிஸ்தானை ஆடவிடக் கூடாது என்று நாட்டில் ஒரே மிரட்டல். 271 இலக்கு. சச்சின் முதுகு வலியோடு 136. அவர் போனபோது வேண்டியது 17 ரன், 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரும் கைதட்டினார். விவரம் தெரிந்த கூட்டம் என்று சென்னைக்குப் பெயர் வந்தது இப்படி உட்கார்ந்து பார்த்தவர்களால். அந்தப் பெயர் இனி உன் வயதுக்காரர்கள் கையில் இருக்கிறது.

இந்தியா ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன் என்பது உன் விருப்பம், வற்புறுத்தமாட்டேன். ரஞ்சி அட்டவணை வந்ததும் சேப்பாக்கத்தில் நம் ஆட்டம் எப்போது என்று பார்த்துச் சொல். பெரும்பாலும் காசில்லாமலே உள்ளே விடுவார்கள். காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் ஏறினால் பார்க்கில் இறங்கி, எதிரே பறக்கும் ரயில் பிடித்து, முதல் பந்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம். தொப்பி எடுத்துக்கொள், வெயில் கடுமையாக இருக்கும். தயிர்சாதத்தை அத்தை கட்டிக் கொடுப்பாள். உன் அண்ணனையும் அழைத்து வா, ஆனால் மதிய இடைவேளை வரை அவன் செல்போனை நீ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
மாமா