மனையறமும் மன்றத் தீர்ப்பும்

இல் என்பது வீடு. அவ்வீட்டினின்று செய்யப்படும் அறம் இல்லறம். சுவரும் கூரையும் அமைந்த அளவில் ஒரு கட்டடம் மனையாகிவிடாது. உள்ளிருப்போரை வெயிலினின்றும் மழையினின்றும் காக்குமிடத்தே அது மனையாகின்றது. அங்ஙனமே, மணமும் மக்கட்பேறும் அமைந்த அளவில் ஒரு கூட்டம் குடும்பமாகிவிடுமோ? தன்னைச் சார்ந்தோரைக் காக்கும்போதன்றோ அது குடும்பமாம்? இவ்வினாவை இந்நாளில் நம்முன் கொணர்ந்து நிறுத்தியது ஒரு வழக்கு. அது கடல்கடந்த நாட்டு வழக்கன்று. நம் வேலூர்ப் புறத்தைத் தொட்ட வழக்கே. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் வாழ்க்கைத் துணையாக விழையும் இயல்பைத் தன்பாலீர்ப்பு என்பர். இப்பொருள் ஆண்டு மலருக்கு ஏலாது என நண்பர் சிலர் எம்மைத் தடுத்தனர். யாமும் முதற்கண் அச்சொல்லை வாய்விட்டுக் கூற நாணினோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், பேசுதற்கு நாணும் பொருளைப்பற்றியே மக்கள் பெரும்பாலும் பிழைபட எண்ணுகின்றனர். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

வழக்கு வருமாறு: 2025-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகிய இருவரும் ஓர் ஆட்கொணர்வு மனுவின்மீது தீர்ப்பளித்தனர். வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எதிர்மனுதாரருள் ஒருவர். இருபத்தைந்து வயதுடைய பெண்ணொருவர் தம் விருப்பத்திற்கு மாறாகப் பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்டுள்ளார் என்று முறையிட்டவர் மற்றொரு பெண். அவர் குடியாத்தம் உள்ளிட்ட காவல் நிலையங்களுக்கு விண்ணப்பித்தும் பயன் கிட்டவில்லை. மனுவிலே தம்மை நெருங்கிய தோழி என்றே அவர் குறித்திருந்தார். உள்ளதை உள்ளவாறு எழுத இயலாத அவர் தயக்கத்தை நீதிபதிகள் உணர்ந்துகொண்டனர்.

நீதிபதிகள் அப்பெண்ணை நேரே வினவினர். தாம் தன்பாலீர்ப்புடையவர் என்றும், மனுதாரரோடு வாழவே விரும்புவதாகவும், வீட்டில் அடிக்கப்பட்டதாகவும், தம்மை மாற்றுதற்பொருட்டுச் சில சடங்குகள் செய்யப்பட்டதாகவும் அவர் உரைத்தார். தாயோ, மனுதாரரே தம் மகளை நெறிபிறழச் செய்தார் எனக் கூறி அவரைத் தம்முடன் அனுப்புமாறு வேண்டினார். இருதிறத்தையும் கேட்ட மன்றம், வயது வந்த அப்பெண்ணைத் தடுத்துவைக்கும் உரிமை பெற்றோர்க்கு இல்லையென விடுவித்தது. இருவர்க்கும் வேண்டுங்கால் பாதுகாப்பளிக்குமாறு காவல்துறைக்குக் கட்டளையிட்டது. அப்பெண்ணைப் பெற்றோருடன் செல்லுமாறு வற்புறுத்திய காவலரின் போக்கையும் கண்டித்தது. தன்பாலினத்தார் மணத்தைச் சட்டம் ஏற்றிலது எனினும், அவர்கள் குடும்பம் அமைக்கலாம். குடும்பம் அமைத்தற்கு மணம் ஒன்றே வழியன்று என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

இதன் பொருளை உணர்தற்குச் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 377-ஆம் பிரிவினால் இவ்வுறவைக் குற்றமாக்கியிருந்தது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்த்தது. பின்னர் மணவுரிமை வேண்டிப் பலர் வழக்காடினர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், நீதிபதிகள் ஐவரும் மணம் புரிதல் அடிப்படை உரிமையாகாது என ஒருமித்துக் கூறினர். மணமல்லாத இணைவுக்குச் சட்டவுரிமை வேண்டும் என்பதில் இருவர் இசைய, மூவர் மறுத்தனர். மணச்சட்டத்தை மாற்றுதல் சட்டமன்றங்களின் வேலை என விடப்பட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளப்பட்டன. பிறநாடுகளை நோக்கின், நெதர்லாந்து 2001-இலும், தைவான் 2019-இலும், தாய்லாந்து 2025-இலும் இத்தகைய மணத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தன. நம் அண்டை நாடாகிய நேபாளத்தில் 2023-இல் முதல் மணம் பதிவாயிற்று.

நிற்க. மணத்தை மறுப்போர் கூறுவன யாவை? மணம் மக்கட்பேற்றிற்கும் குழந்தை வளர்ப்பிற்கும் அமைந்தது. அது தொன்றுதொட்டு ஆணும் பெண்ணும் கூடியே நடந்தது. அதனை நீதிபதிகள் சிலர் மாற்றுதல் தகாது என்பன அவை. இவற்றை எள்ளி நகையாடுதல் அறிவுடைமையன்று. நன்மக்கள் பலர் மெய்யாகவே இவ்வாறு எண்ணுகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபையும் மணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்டதே எனப் போதிக்கின்றது. ஆனால், அதே திருச்சபையின் மறைக்கல்வி நூல், இவ்வியல்புடையோரை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அவர்பால் அநீதியான வேற்றுமை காட்டலாகாது என்றும் கற்பிக்கின்றது. ஆகவே மணத்தை மறுப்போர்க்கும் அடிப்பதற்கும் அடைப்பதற்கும் இடமில்லை என்பது பெறப்படும். மணத்தைப்பற்றிக் கற்றோர் மாறுபடலாம். மகளை அடிக்கலாமோ என்பதில் மாறுபடுதற்கு இடம் யாது?

தொன்றுதொட்டு வந்தது என்னும் வாதத்தையும் சிறிது ஆராய்வோம். தொல்காப்பியக் கற்பியல், மகளைக் கொடுத்தற்குரியார் கொடுப்ப நிகழும் மணத்தை முதற்கண் வகுக்கின்றது. ஆயினும், உடன்போன காதலர்க்கு அங்ஙனம் நேர்வார் இல்லாதவிடத்தும் மணச்சடங்கு நிகழும் என அதுவே ஒப்புகின்றது. மக்களிடையே பொய்ம்மையும் தவறும் தலைகாட்டிய பின்னரே சான்றோர் சடங்கினை வகுத்தனர் என்றும் அந்நூல் கூறும். ஆதலின் அன்பிற்குக் காவலாகவே சடங்கு வந்தது எனலாம். அண்மைக் காலத்தும், புரோகிதர் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று; 1967-இல் சி. என். அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது நம் சட்டமன்றம் அதனைச் செல்லும்படி செய்தது. இதனால் தன்பாலினத்தார் மணமும் செல்லுதல் வேண்டும் என்பது தானே முடிந்துவிடாது. ஆனால், மணத்தின் வடிவம் என்றும் மாறாதது என்பார் கூற்று நிலைபெறாது.

கலித்தொகையின் பாலைக்கலியில், உடன்போன மகளைத் தேடிச் சுரத்திடைச் செல்லும் செவிலியை அந்தணர் சிலர் எதிர்ப்படுகின்றனர். சந்தனமும் முத்தும் யாழிசையும் தாம் பிறந்த இடத்திற்குப் பயன்படாது, கொள்வார்க்கே பயன்படுதலைக் காட்டி, அவர்கள் அவளைத் தேற்றுகின்றனர். அப்புலவர் கருதியது ஆணும் பெண்ணுமாகிய காதலரையே. அதில் இற்றைநாள் வழக்கை ஏற்றியுரைத்தல் நேர்மையான உரைநெறியாகாது. எனினும், மகளைப் பிரிந்து வருந்தும் தாய்க்குச் சான்றோர் கூறிய அறிவுரை, அவளை இழுத்துவந்து அடைத்துவை என்பதன்று. இதனை மறத்தலாகாது. குடியாத்தப் பக்கத்து வழக்கிலும் தாயின் கண்ணீர் பொய்க்கண்ணீர் என யாம் கருதவில்லை. ஊர் என் சொல்லுமோ என்னும் அச்சமே அன்பைச் சிறையாக்கியது போலும். முன்னாள் நீதிபதி லீலா சேத் தம் மகன் விக்ரம் சேத்தின் இயல்பை அறிந்து, அவர்க்கு அரணாக நின்றவர். எல்லாப் பெற்றோரும் அவரைப் போன்றவரல்லர் எனத் தீர்ப்பும் நினைவுகூர்ந்தது.

நம் மறைநூலும் இதற்கு ஒளி தருகின்றது. ரூத்து, கணவன் இறந்த பின்னும் மாமியாராகிய நகோமியை விடாது பற்றிச் சென்றாள். அவர்களிடையே குருதியுறவு இல்லை. சிலுவையின் அடியில் நம் ஆண்டவர் தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்தபோது, சொல்லொன்றினாலே ஒரு குடும்பம் உண்டாயிற்று. அன்றுமுதல் அச்சீடர் அவ்வம்மையைத் தம் இல்லத்தில் ஏற்றார். ஏற்றுக் காத்தலே குடும்பத்தின் உயிர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நம் கடன் யாது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் பேருந்தேறிச் செல்லும் இளம்பெண்களை நாம் நாடோறும் காண்கின்றோம். அவர்கள் ஈட்டும் கூலியால் அடுப்பெரியும் இல்லங்கள் பல. அவர்களுள் ஒருத்தி, 'அம்மா, எனக்கு ஆடவனோடு மணம் வேண்டா. என் மனம் வேறு' எனக் கூறுவாளாயின், அவ்வில்லம் என் செய்யும்? அடித்தலும், பேயோட்டுவாரிடம் கொண்டுசெல்லுதலும், விரைந்து எவனுக்கேனும் மணமுடித்தலுமே பலர் அறிந்த மருந்துகள். விரும்பாத மணத்தால் கெடுவது அவள் வாழ்வு மட்டுமோ? ஒன்றும் அறியாது தாலி கட்டியவன் வாழ்வும் அதனோடு கெடுமன்றோ? மருத்துவத்தால் இவ்வியல்பை மாற்றலாம் என்பாரையும் நம்பலாகாது. அத்தகைய சிகிச்சை மருத்துவர்க்குத் தகாத ஒழுக்கம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

அறியாமையை நீக்கும் வழிக்கு எடுத்துக்காட்டும் நம் நாட்டிலேயே உண்டு. மதுரையினின்று சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய பெண்கள் இருவர் வழக்கில், நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இப்பொருளில் தெளிவில்லையென வெளிப்படையாக ஒப்பி, உளவியல் அறிஞரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே, 2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் பயனாகவே, இத்தகையோரை இழிவின்றிக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை 2022-இல் தமிழக அரசு வெளியிட்டது. உயர்நீதிமன்ற நீதிபதியே மாணவராக அமர்ந்து கற்றார் எனின், மாணவராகிய நாம் கற்க நாணுவதோ?

மணவுரிமைபற்றிய வாதம் சட்டமன்றத்திலும் திருச்சபையிலும் இன்னும் நெடுநாள் நடக்கலாம், நடக்கட்டும். அது முடியுமளவும் நம் தங்கையர் காத்திருக்க இயலாது. வசைச்சொல்லை நாவினின்று அகற்றுதலும், அஞ்சி வருவாரைப் பொறுமையோடு கேட்டலும், அடிக்க ஓங்கும் கையைத் தடுத்தலும் இன்றே நம்மால் இயல்வன. கதவடைத்துக் காப்பது சிறை. கதவு திறந்திருந்தும் பிள்ளைகள் அஞ்சாது திரும்பிவருமிடமே இல். அத்தகைய இல்லங்கள் நம் பாலாற்றங்கரையெங்கும் பெருகுக.