‘என்ன வேணும்?’ என்று கேட்காதீர்கள்

பிசினஸ் அனலிஸ்டாகச் சேர்ந்து நான்கு மாதமான அம்பகரத்தூர்த் தம்பி ஒருவர் கேட்கிறார்: “கிளையன்ட் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதித் தருகிறேன். டெமோ காட்டினால், ‘இதையா கேட்டோம்?’ என்கிறார்கள். எங்கே தப்பு?”

ஒரு வரி விடாமல் எழுதியதில்தான். மீட்டிங்கில் மனிதர்கள் ஆசையைச் சொல்வார்கள். வேலை எப்படி நடக்கிறது என்பது தனிக்கதை. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பயிற்சி செய்து பாருங்கள். அறுப்பு மெஷினைச் செல்போனில் பதிவு செய்ய ஒரு ஆப் கட்டப்போவதாக வைத்துக்கொள்வோம். வயல் வைத்திருக்கும் பெரியப்பாவிடம், “ஆப்ல என்னென்ன வேணும்?” என்றால், “நேரத்துக்கு வண்டி வரணும், வாடகை குறையணும்” என்பார். இதை வைத்து ஒரு ஸ்கிரீன்கூட வரைய முடியாது.

மாற்றிக் கேளுங்கள். “போன தை மாசம் சம்பா அறுப்புக்கு வண்டி எப்படிப் பிடிச்சீங்க பெரியப்பா? மொதல்லேருந்து சொல்லுங்க.” இப்போது கதை வரும். மழையில் வயல் சொதசொதவென்று கிடந்திருக்கும். டயர் வண்டி இறங்காமல் பெல்ட் வண்டி தேடியிருப்பார். அதுவும் வந்த பிறகு, முன்வயல்காரர் அறுக்காததால் உள்ளே போக வழியில்லாமல் நின்றிருக்கும். ஆக, ஆளுக்கொரு தேதி குறிக்கும் ஆப் அங்கே செல்லாது. பக்கத்து வயல்கள் சேர்ந்து பதிவு செய்ய வேண்டும். பெரியப்பா இதை மறைக்கவில்லை. நாற்பது வருஷமாகப் பழகிப்போனது, சொல்லத் தோன்றாது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்காரரும் இப்படித்தான்.

அடுத்தது சொற்கள். படிவத்தில் ‘பரப்பு: குழி’ என்று ஒரு கட்டம் போட்டுவிடுவீர்கள். தஞ்சைப் பக்கம் குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. புதுச்சேரிப் பக்கம் குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. சொல் ஒன்றுதான், அளவு நான்கு மடங்கு. உங்கள் ஊரோ நிர்வாகத்தில் புதுச்சேரி, மண்ணில் டெல்டா. எதிரில் இருப்பவர் எந்தக் குழியைச் சொல்கிறார் என்று கேட்காமல் நகராதீர்கள். ‘ஆக்டிவ் கஸ்டமர்’ என்று விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் சொல்வது ஒரே ஆளைத்தானா என்பதும் இதே கேள்விதான். (இதைக் கேட்க வெட்கப்பட்டு, எழுதியதையெல்லாம் திருப்பி எழுதியவன் நான்.)

பணம் கொடுப்பவரோடு நிறுத்திவிடாதீர்கள். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், வண்டி பிடித்துத் தரும் புரோக்கர், டிரைவர் என்று எல்லோரையும் பாருங்கள். வாடகை மணிக்கணக்கு. அந்த மணி எப்போது தொடங்குகிறது? வண்டி வயலில் இறங்கியதும் என்பார் விவசாயி. முந்தைய வயலை விட்டுக் கிளம்பியதும் என்பார் வண்டிக்காரர். இருபத்திரண்டு வயதில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் எழுதி, முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்று மட்டும் கேளுங்கள்.

கேட்டுச் செய்ததற்குப் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது கடலின் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். வலையோடு கரையில் நிற்பவர் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை. பேசிவிட்டு வந்த அன்றே, குறிப்பு ஆறுவதற்குள், கேட்டதைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து அவரிடமே கொண்டுபோங்கள். “நான் புரிஞ்சிக்கிட்டதைச் சொல்றேன், தப்பா இருந்தா நிறுத்துங்க” என்று ஆரம்பியுங்கள். முழுக்கத் தலையாட்டினால் கவனிக்கவில்லை என்று பொருள்; இன்னொரு நாள் போங்கள். நடுவில், “இரு இரு, அது அப்படி இல்ல” என்று தாளை இழுத்துக்கொண்டால், பேனாவையும் கொடுத்துவிடுங்கள்.