வரைவதா, அணிக்கோவையா, அட்டவணையா? பிரதிபலிப்புக் குலங்களுக்கு எந்த வழி

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எம்.எஸ்ஸி. கணிதம் படிப்பவர் பிரதிபலிப்புக் குலங்களுக்கு வந்ததும் மூன்று வழிகள் எதிரே நிற்கும். வரைந்து பார்க்கலாம், அணிக்கோவை போடலாம், கேரக்டர் அட்டவணை எழுதலாம். மூன்றும் ஒரே குலத்தைப் பற்றியவைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, வாசலில் நேர்ப்புள்ளி வைத்துப் போட்ட சதுரக் கோலமே போதும்.

வரைந்து பார்ப்பது

இந்தக் கோலத்துக்குக் கண்ணாடிக் கோடுகள் நான்கு: நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, மூலைவிட்டங்கள் இரண்டு. இவை தளத்தை 8 துண்டாக்குகின்றன; குலத்தின் உறுப்புகளும் 8. கோலம் மாறாதபடி எப்படித் திருப்பினாலும் நெடுக்குக் கோடு மூலைவிட்டத்தின் மேல் போய் விழாது. ஆகவே கோடுகள் இரண்டு இனம். ஒவ்வோர் இனத்துக்கும் +1 அல்லது −1 தரலாம் என்பதால் ஒருபரிமாண ரெப்ரசென்டேஷன்கள் நான்கு. இடைப்புள்ளி வைத்த முக்கோணக் கோலத்தில் மூன்று கோடுகளும் ஒரே இனம், அங்கே இரண்டுதான். ஒரு கணக்கும் போடாமல் இவ்வளவு கிடைக்கிறது. மூன்று பரிமாணத்தைத் தாண்டினால் கை ஓடாது.

அணிக்கோவை

முதல் பயன், குறி. பிரதிபலிப்பின் அணிக்கோவை −1, சுழற்சியின் அணிக்கோவை +1. மேலே சொன்ன நான்கு ஒருபரிமாண ரெப்ரசென்டேஷன்களில் ஒன்று இதுவே.

இரண்டாவது, குலம் முடிவுள்ளதா என்று அறிவது. மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் கோடுகளுக்கு இடையிலான கோணத்தின் கொசைனுக்குக் குறைக்குறி போட்டு அணி அமைத்து, அதன் அணிக்கோவையைப் பாருங்கள். சதுரத்தில் அடுத்தடுத்த கோடுகளின் கோணம் 45 பாகை, விடை 1/2. மிகை எண், அதனால் முடிவுள்ள குலம். சமபக்க முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் கண்ணாடியானால் விடை 0. பிரதிபலிப்புகள் தளம் முழுக்கப் பரவிக்கொண்டே போகும். கண்ணாடிகள் நான்கு, ஐந்து என்று கூடினால் முழு அணிக்கோவையை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் சிறு அணிக்கோவைகளும் மிகையா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் அழகு. சதுரக் குலம் மாற்றாத அடிப்படைக் கோவைகள் x²+y², x²y². இவற்றின் ஜக்கோபியன் அணிக்கோவை 4xy(x²−y²). இதைப் பூச்சியமாக்கினால் x=0, y=0, x=y, x=−y. நான்கு கண்ணாடிக் கோடுகளும் வரைபடமே இல்லாமல் வந்துவிட்டன! படிகள் 2, 4. பெருக்கினால் 8, அதாவது குலத்தின் அளவு. ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்துக் கூட்டினால் 4, கோடுகளின் எண்ணிக்கை.

கேரக்டர் அட்டவணை

மேலும் பிரிக்க முடியாத ரெப்ரசென்டேஷன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தருவது இதுதான். சதுரத்துக்கு ஐந்து வரி; பரிமாணங்களின் வர்க்கங்கள் 1+1+1+1+4=8. குலம் பெரிதானால் அட்டவணை கட்டுக்கு அடங்காது. 100 பொருள்களின் வரிசைமாற்றக் குலமும் பிரதிபலிப்புக் குலமே. அதற்கு 19,05,69,292 வரிகள். இந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்பதற்கு 1918இல் ஹார்டியோடு சேர்ந்து வாய்பாடு தந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன்.

எதை எப்போது?

இரண்டு, மூன்று பரிமாணம் என்றால் முதலில் வரையுங்கள். முடிவுள்ளதா, குறி என்ன, கண்ணாடிகள் எங்கே என்ற கேள்விகளுக்கு அணிக்கோவை. முழுப் பட்டியலே வேண்டுமென்றால் அட்டவணை.

ஈ8 என்ற எட்டுப் பரிமாணப் பிரதிபலிப்பு அமைப்பை வரைய முடியாது. அதன் குலத்தில் 69,67,29,600 உறுப்புகள். ஆனால் அதன் கார்ட்டன் அணியின் (மேலே சொன்ன முறையில் அமைத்த அணியின் இரு மடங்கு) அணிக்கோவை வெறும் 1. இந்த ஈ8 அமைப்பே எட்டுப் பரிமாணத்தில் கோளங்களை மிக நெருக்கமாக அடுக்கும் முறை என்று 2016இல் நிறுவிய மரினா வியாசோவ்ஸ்காவுக்குத்தான் 2017ஆம் ஆண்டின் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு.

ஒரு விலக்கு: சுழற்றினால் மாறாமல், கண்ணாடியில் மட்டும் வேறாகத் தெரியும் சிக்குக் கோலங்கள் உண்டு. அங்கே அணிக்கோவை எப்போதும் +1. அது எதையும் பிரித்துக் காட்டாது. நேரே அட்டவணைக்குப் போய்விடுங்கள்.