நீங்க பார்த்ததா, போன் சொன்னதா?

தை மாதம் மாமரம் பூ எடுக்கும்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தத்துப்பூச்சியைத் தவிர வேறு பேச்சு இருக்காது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மத்தூர், போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் பக்கத்துத் தோப்புக்காரர்கள், நாற்றுப் பண்ணைக்காரர்கள், மண்டிக்காரர்கள் எல்லாரும் அதில் உண்டு. நான் அட்மின்களில் ஒருவன். அப்படி ஒரு பூ சீசனில், யாரோ கேட்ட கேள்விக்கு நீளமான பதில் ஒன்று வந்து விழுந்தது. தலைப்பு, வரிசை எண், பிசிறில்லாத தமிழ். நடுவில் ஒரு வரி: எண்டோசல்பான் லிட்டருக்கு 2 மில்லி.

எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதமே தடை செய்துவிட்டது. காசர்கோடு முந்திரித் தோப்புகளைச் சுற்றி அது செய்த கேட்டை ஊரே அறியும். பதில் போட்டவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இது நீங்க அடிச்சுப் பார்த்த மருந்தா?"

"இல்லப்பா. பையன் போன்ல ஏஐகிட்ட கேட்டான். நல்லாத்தான எழுதியிருக்குது?"

எழுத்தில் குறை இல்லை. பழைய கையேடுகளில் இந்த மருந்தின் பெயர் நிறையவே உண்டு, அவை இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. தடைக்கு முன், தடைக்குப் பின் என்று பிரிக்காமல் ஏஐ கலந்து கொடுத்திருக்கும். அனுபவமில்லாத ஆள் தப்பாகச் சொன்னால் அவர் பேச்சிலேயே தடுமாற்றம் தெரியும், கேட்கிறவர் உஷாராகிவிடுவார். இது தப்பையும் விஞ்ஞானி மாதிரி சொல்கிறது.

அன்று மாலையே ஏஐ பதிவுகளை மொத்தமாகத் தடை செய்யலாம் என்று இன்னொரு அட்மின் சொன்னார். நிரலாளர்களின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி பதில்களுக்கு அப்படித்தான் தடை போட்டது. பார்க்கச் சரியாக இருக்கும் தப்புப் பதில்கள், சரிபார்க்கும் ஆட்களை மூழ்கடித்துவிட்டன. ஆனால் நம் பக்கத்து நிலைமை வேறு. குரூப்பில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடமும் உருதும் பேசுகிறவர்களும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்யக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் வாயே திறக்காத ஒருவர், தெலுங்கில் சொல்லி ஏஐயைத் தமிழாக்க வைத்துப் பதிவு போட ஆரம்பித்தார். ஒட்டுச்செடி விஷயத்தில் அவருக்கு இருக்கிற ஞானம் எங்களில் யாருக்கும் இல்லை. தடை போட்டால் முதலில் அடங்கிப்போவது அவர் குரல்தான்.

ஆகவே எழுதியது யார் என்பதை விட்டுவிட்டு, பதில் சொல்லப்போவது யார் என்பதைப் பிடித்துக்கொண்டோம். மருந்தோ உரமோ சொன்னால் எந்த ஊர்த் தோப்பு, எத்தனை வயது மரம், எப்போது அடித்தது என்பதும் சேர்ந்து வர வேண்டும். யாராவது திருப்பிக் கேட்டால் போட்டவர் விளக்க வேண்டும். விளக்க ஆள் இல்லாத பதிவு சாயங்காலத்துக்குள் நீக்கப்படும். ஏஐகிட்ட கேட்டது என்று சொல்லிவிட்டு "இது சரியா?" என்று கேட்பதற்குத் தடையில்லை. அதிலிருந்து பல நல்ல சண்டைகள் கிளம்பியிருக்கின்றன.

இதே தலைவலியைத் தமிழ் விக்கிப்பீடியா நமக்கெல்லாம் முன்பே பட்டிருக்கிறது. 2009 வாக்கில் கூகுள் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் கருவி உதவியோடு நீள நீளமான கட்டுரைகளை அங்கே ஏற்றினார்கள். நடை முரடு என்பது ஒரு குறை. பேச்சுப் பக்கத்தில் திருத்தச் சொன்னால் பதில் சொல்ல ஆளே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. தன்னார்வலர்கள் கூகுளோடு பேசி, தலைப்புகளைத் தாங்களே தேர்ந்து கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரப் பாடுபட்டார்கள்.

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி இறங்காதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டது. அதுவும் ஆங்கிலத்துக்கு, தமிழுக்குக் கேட்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள் சில உண்டு. "நிச்சயமாக! இதோ நீங்கள் கேட்ட தகவல்" என்ற முதல் வரியை அழிக்க மறந்திருப்பார்கள், வார்த்தையின் இருபுறமும் இரட்டை நட்சத்திரக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். இவை சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது.

விலைக்குத் தனி விதி. 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை அடிமட்டத்துக்குப் போய், ஆந்திரமும் வெளிமாநிலக் காயை உள்ளே விடாமல் நிறுத்திய சமயத்தில், இன்றைய விலை என்று ஆதாரமில்லாமல் தினம் ஒரு பட்டியல் சுற்றியது. இப்போது தேதியோடு மண்டிச் சீட்டு இல்லாத விலைப் பதிவு நிற்காது. சீட்டையும் போலியாகச் செய்யலாம்தான். அதனால் எந்த மண்டி என்று பார்த்து, அங்கே காய் போடுகிற ஒருவரிடம் போனில் கேட்டுவிடுவோம்.

படம், வீடியோ விஷயத்தில் எனக்குப் பயம் வேறு மாதிரி. 2025 அக்டோபரில் லக்னோவில் ஏஐயில் செய்த சிறுத்தைப் படத்தைப் பரப்பியவரைப் போலீஸ் பிடித்தது. ஆனால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானையும் சிறுத்தையும் நிஜமாகவே நடமாடுகிற மாவட்டம் இது. இங்கே "இதெல்லாம் ஏஐ" என்று உண்மையை ஒதுக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ரோட்டோரம் நின்ற வேனும் காரும் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை இன்றைக்கு முதல்முறை பார்க்கிறவர், ஏஐயில் செய்த வீடியோ என்றுதான் சத்தியம் செய்வார். அதனால் ஆபத்துப் படம் வந்தால் உடனே அழிக்க மாட்டோம். "சரிபார்க்கிறோம்" என்று கீழே போட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிடுவோம்.

அழிப்பதிலும் பக்குவம் வேண்டும். பெரியவர் போட்டதைச் சபையில் வைத்துக் கேலி செய்தால் மறுநாள் அவரோடு சேர்ந்து நாலு பேர் வெளியேறுவார்கள். முதலில் தனியாக ஒரு போன், பிறகு நீக்கம். நீக்கிய காரணத்தைப் பெயர் சொல்லாமல் குரூப்பில் ஒரு வரி. உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மின் தானாகவே குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021லும் கேரள உயர் நீதிமன்றம் 2022லும் சொல்லியிருக்கின்றன. கேஸுக்குப் பயந்து எல்லாவற்றையும் அழித்துத் தள்ளுகிற அட்மின்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விவசாயக் குரூப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் கிசான் கால் சென்டர் இருக்கிறது: 1800-180-1551. கட்டணமில்லை, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். நம் மாவட்டத்துக்காரர்கள் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரிலும் போகலாம். கால் சென்டர் எண்ணைக் குரூப் விவரத்தில் முதல் வரியாகப் போட்டு வையுங்கள்.