சொட்டும் குழாயும் அயலவன் கிணறும்



குசினியிலோ குளியலறையிலோ இரவெல்லாம் சொட்டும் குழாய் ஒன்று உங்கள் வீட்டில் உண்டா? முதல் நாள் அந்த ஓசை நித்திரையைக் குழப்பும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். பிறகு அது சொட்டுவதே நமக்குத் தெரியாது. அப்பொழுதுதான் நட்டம் வளரத் தொடங்குகிறது.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு துளி வீழ்ந்தால் ஒரு நாளில் 86,400 துளிகள். துளியின் அளவு குழாய்க்குக் குழாய் வேறுபடும். ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றர் சேருமாயின், நாளொன்றுக்கு 12 லீற்றர். ஆண்டொன்றுக்கு 4,380 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி நான்கு முறை நிரம்பி மிஞ்சும். அதனைக் கிணற்றிலிருந்து மேலேற்றிய மின்சாரத்திற்கும் நாமே பணம் கட்டியிருக்கிறோம்.

எந்தச் சிட்டையிலும் எழுதப்படாத செலவுகளும் உண்டு. ஈரம் ஊறிய சுவரின் பூச்சு உதிரும். பாசி பிடித்த நிலத்தில் முதியவர் வழுக்கி விழுவர். குழாயின் கீழ் வைத்து மறந்த வாளியில் டெங்கு நுளம்பு முட்டையிடும். அது தெளிந்த நீரையே விரும்புகிறது. 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானதை மறக்கலாகாது.

இவற்றிலும் பெரிய செலவொன்று நிலத்தடியில் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையில் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழும். நாம் காணிக்கு வேலி அடைக்கிறோம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. நமது வீட்டிற் சொட்டுவது அயலவன் கிணற்று நீருந்தான். 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடலையே நாடவேண்டிய நிலையில், கையிலுள்ள நன்னீரைச் சிந்தலாமா?

“சிந்திய நீர் திரும்ப நிலத்துக்குத்தானே போகிறது?” என்று சிலர் கேட்பர். ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும். மற்றது சவர்க்கார நீரோடும் மலக்குழிக் கசிவோடும் கலந்து இறங்கும். நன்னீராக எடுத்ததை நாம் நன்னீராகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இது விசுவாச வாழ்வுக்குப் புறம்பான காரியமன்று. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், எஞ்சிய துண்டுகளை வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவரே துண்டுகளையும் பேணினார். திருப்பலியில் குருவானவர் இரசத்தோடு கலப்பது சிறிதளவு நீரே. அதனைத் திருச்சபை அற்பமாக எண்ணுவதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை எனப் போதித்தார். தீவகத்திற் பவுசர் வரும்வரை வாளியோடு காத்து நிற்கும் தாய்க்கும் அவ்வுரிமை உண்டு. ஆகவே நீரை விரயஞ் செய்வது கவனக்குறைவு மட்டுமல்ல, நீதிக்கும் மாறானது.

திருத்துவது கடினமன்று. சாதாரண திருகு குழாயிற் பெரும்பாலும் பழுதாவது உள்ளேயிருக்கும் வாசர்தான். பிரதான வால்வைப் பூட்டுங்கள். குழாயைத் திறந்து மிகுதி நீரை விடுங்கள். தலைப்பாகத்தை ஸ்பனராற் கழற்றி, அதே அளவான புதிய வாசரைப் போடுங்கள். நமது நீரிற் சுண்ணாம்பு அதிகம். கேத்தலிற் படிவதுபோலக் குழாயினுள்ளும் வெண்படிவு படியும். அதனை வினாகிரியில் தோய்த்த துணியால் துடைத்தெடுங்கள். சொட்டை நிறுத்துவதற்காகப் பலங்கொண்டு முறுக்காதீர்கள். வாசர் நசிந்து, அது அமரும் இடமும் தேயும். நெம்புகோற் குழாய்களில் வாசருக்குப் பதிலாக வேறு உட்பாகம் இருக்கும். அதனைத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுவியுங்கள்.

இவ்வாரம் குடும்பமாகச் செய்ய:

1. இரவுச் செபம் முடிந்ததும் வீட்டுக் குழாய்கள் யாவற்றையும் பிள்ளைகளோடு சென்று பாருங்கள்.

2. சொட்டும் குழாயை ஒரு மணித்தியாலம் அளந்து, ஆண்டுக் கணக்கைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்.

3. ஆத்தும சோதனையின்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காது பழகிப்போனதால் நாம் திருத்தாமல் விட்டிருப்பது வேறென்ன?